லாண்டரி வண்டியின் மணி

லாண்டரிக்காரரின் கார் அன்றைக்கும் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்ட இடத்தில், லாட்ஜுக்குப் போக வேண்டிய விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாகக் கூரை முட்ட ஏறியிருந்தன. இந்த மழையில் அதையெல்லாம் காயவைத்து எடுத்ததே பெரும்பாடு. கூடத்தில் கொடி, மாடிப்படியில் கொடி, படுக்கிற கட்டிலுக்கு மேலேகூடக் கொடி. ஈரத் துணிகளுக்கு நடுவே குனிந்து நடந்து நடந்து இரண்டு பேருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது. மத்தியானத்துக்குள் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று லாட்ஜ் மேனேஜர் போன வாரமே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

“நேத்து சாவிய முழுசாத் திருப்பாம எடுத்திருக்கீங்க. விடிய விடிய பேட்டரி போயிட்டே இருந்திருக்கு,” என்றாள் லாண்டரி அக்கா. தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

புருஷன் பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மணிதான் அடிச்சுதே. கதவத் திறந்து வச்சுக்கிட்டு மூட்டை ஏத்தினீங்க, அது டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. இஸ்திரிப் பெட்டிய அப்படியே வச்சுட்டு வாசல் வரைக்கும் வந்து கத்தினேன்.”

அதற்கும் பதில் இல்லை. சாவி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், அந்தப் பழைய காருக்குள் ஒரு மணி அடிக்கும். காரை வாங்கிய புதிதில் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போதெல்லாம் அது அடிக்க அடிக்க, அவர் பாட்டுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே செய்கிறார். கல்லுளிமங்கன்.

இனிமேல் கத்துவதாக அவளும் இல்லை. இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பை தயாராக இருந்தது. அவளுடைய துணிகள் மடிப்புக் கலையாமல் அதற்குள் இருந்தன. லாட்ஜ் சரக்கு போய்ச் சேர்ந்ததும் சாயங்கால பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. “கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்” என்றுதான் போனில் சொல்லியிருந்தாள். “எவ்ளோ நாள் வேணாலும் இரு” என்று தங்கச்சி சொன்ன விதத்தில், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது பேச்சு என்று ஒன்று இருந்திருக்கும். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் ஒன்று கேட்டால் அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. சாப்பிட வாங்க என்றால் வரமாட்டார், தட்டைக் கொண்டுபோய் முன்னால் நீட்டினால் சாப்பிடுவார். அதே ஆள் டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்தால் சிரிப்பென்ன, கும்மாளமென்ன. மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்வார். மகள் போனில் கூப்பிட்டால் மட்டும் இரண்டு ‘ம்’ போட்டுவிட்டு “அம்மாகிட்ட பேசு” என்று தள்ளிவிட்டுவிடுவார். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை என்று மகள் அழாத வாரம் இல்லை.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன மழைக்காலத்தில் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டு, இஸ்திரி மேசையருகே நின்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். “மார்புல ஒரு கட்டி இருக்குங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?” அவர் பிழியும் மெஷினிலிருந்து தலையணை உறைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை. கடைசி உறையையும் உருவிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த ஈட்டுத் துணியை அள்ளப் போய்விட்டார். அந்தக் கேள்வியை இரண்டாம் தடவை கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. தனியாகப் போனாள். தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதைத் தனியாகவே கேட்டுக்கொண்டு வெளியே வந்து, ஒரு டீ வாங்கி, குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து அவரிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றைக்கே அவளுக்கு வெறுத்துப்போய்விட்டது. கிளம்பத்தான் ஒரு வருஷம் ஆயிற்று.

பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் கைகொடுக்க, காரைத் தள்ளிக்கொண்டு தெருமுனை ஒர்க்ஷாப்புக்குப் போனார்கள். அங்கே வயரிங் வேலை பார்ப்பவரை எல்லோரும் ‘ஃபியூஸ்’ என்பார்கள். எந்த வண்டி வந்தாலும் “ஃபியூஸப் பாத்தீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிய டிரம்மை உருட்டின மாதிரி இருக்கும்.

“ஃபியூஸப் பாத்தீங்களாண்ணே?” என்றார்.

“ஃபியூஸெல்லாம் நல்லாருக்கு. பேட்டரிதான் படுத்துடுச்சு. சாவி பாதியிலயே கழண்டு வருதுப்பா. மணியும் செத்துப்போச்சு. மணி அடிச்சாத்தானே எனக்குத் தெரியும், சாவி சரியா நிக்கலன்னு? ஒரு வருஷமா அது அடிக்கறதே இல்ல.”

லாண்டரி அக்காவுக்குச் சுருக்கென்றது. “ஏன் இப்படி வாய் கூசாம பொய் சொல்றாரு? மணி கணீர்னு அடிக்குது தம்பி. தெனம் கேக்கறேன். இவருதான் கண்டுக்க மாட்டாரு.”

ஃபியூஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி வழக்கில் தீர்ப்பு சொல்லி அனுபவப்பட்டவர் போலச் சிரித்தார். “ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்க்கா. எங்கயோ வயர் லூசா இருக்கு. நீங்க இருக்கறப்ப அடிச்சிருக்கும், அண்ணன் இருக்கறப்ப அடிச்சிருக்காது. இந்த வியாதிதான் எங்களுக்கு உயிர எடுக்கும். மொத்தமாக் கெட்டுப்போச்சுன்னா ஒரு நிமிஷ வேலை.”

மூட்டைகளை இறக்கித் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சில் அடுக்கினார்கள். கிரீஸ் கையோடு யாரும் தொட்டுவிடாமல் இருக்க அவள் பக்கத்திலேயே காவல் நின்றாள். சரக்கோடு ஒர்க்ஷாப்புக்கு வந்தால் அவள் வேலை அதுதான். ஒரு விரல் அடையாளம் விழுந்தாலும் போச்சு, முதலிலிருந்து துவைக்க வேண்டும். தலைக்கு மேலே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம், காருக்கு அந்தப் பக்கம் காற்றடிக்கும் கம்ப்ரஸர், சுவருக்கு அப்பால் யாரோ இரும்பை அறுக்கிற சத்தம். கத்திப் பேசினால்தான் காதில் விழும்.

முதலில் சாவி. வேறொரு பேட்டரியைக் கொடுத்து வண்டிக்கு உயிர் வரவழைத்த ஃபியூஸ், லாண்டரிக்காரர் நீட்டிய கொத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“யாருக்கா இதக் கட்டினது?” என்று கத்தினார்.

“நான்தான். ஏன்?”

“வீட்டையே கழட்டி இதுல மாட்டியிருக்கீங்க!”

கடை ஷட்டர் சாவி, பின்கதவுச் சாவி, பீரோ சாவி, தண்ணீர் மோட்டார் பெட்டிச் சாவி எல்லாம் அந்த ஒரே வளையத்தில் இருந்தன. மகள் பள்ளிக்கூடம் போன காலத்து சைக்கிளின் சாவியும் இருந்தது. சைக்கிள் எப்போதோ போய்விட்டது. அவர் எதையும் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் அவள் எல்லாவற்றையும் காரின் சாவியோடு கோத்து வைத்தாள். சாவி இல்லாமல் கார் கிளம்பாது, அதனால் கொத்தும் தொலையாது என்பது அவள் கணக்கு. அது தப்பாமல் நடந்தது. ஒரு சாவிகூடத் தொலையவில்லை.

“இவ்ளோ கனமும் லாக்குல தொங்கிக்கிட்டே ஆடினா உள்ள எல்லாம் தேயாம என்னக்கா செய்யும்? அதான் பாதியில கழண்டு வருது. அண்ணன் ஆஃப் பண்ணிட்டோம்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிடறாரு.”

அவள் கொத்தைக் கையில் வாங்கினாள். இத்தனை நாளும் அவர் அசட்டை என்று திட்டியதில் பாதி அவள் கட்டிய கொத்தின் வேலை. வளையத்தைப் பிரித்து, காரின் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சக் கொத்தை மடியில் செருகிக்கொண்டாள். ஃபியூஸ் தேய்ந்த லாக்கைக் கழற்றிவிட்டு, சாவி கச்சிதமாக உட்காருகிற ஒன்றை மாட்டினார். அது நல்லபடியாக முடிந்தது.

அடுத்தது மணி. ஃபியூஸ் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

“கம்ப்ரஸர் போடற சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காதுண்ணே. நீங்க மேல உக்காந்து கதவத் திறந்து வச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க. அடிச்சா அடிக்குதுன்னு கத்திச் சொல்லுங்க.”

லாண்டரிக்காரர் திருப்பினார். “அடிக்கல.”

கதவு இடுக்கில் இருந்த சுவிட்சை மாற்றினார் ஃபியூஸ். “இப்ப?”

“அடிக்கல.”

வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினார். “இப்ப?”

“இல்லப்பா.”

பழைய வண்டி ஒன்றிலிருந்து மணியையே கழற்றி வந்து மாட்டினார். “இப்பவாச்சும் அடிக்குதா?”

“ம்ஹூம்.”

“இது என்னடா கெரகம்! நான் பொறந்ததுலேந்து இப்படி ஒரு வண்டியப் பாத்ததில்ல,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. மணி பிரமாதமாக அடித்துக்கொண்டிருந்த வண்டியைப் பிரித்துப் போட்டு, மத்தியானமும் நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. போகிற கடைசி நாளிலும் நிம்மதியாகப் போக விடமாட்டார் போலிருக்கிறது.

அப்போது கரண்ட் போயிற்று.

கம்ப்ரஸர் இழுத்து மூச்சு விட்டு நின்றது. சுவருக்கு அப்பால் இரும்பு அறுப்பது நின்றது. மழையும் சற்று முன்பே தூறலாகியிருந்தது. அந்தத் திடீர் அமைதியில், காருக்குள்ளிருந்து தெளிவாக, அழகாக, இடைவிடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

டிங். டிங். டிங். டிங்.

ஃபியூஸ் மெல்ல நகர்ந்து வெளியே வந்து தரையிலேயே எழுந்து உட்கார்ந்தார். லாண்டரிக்காரர் ஒரு கையைச் சாவியில் வைத்தபடி, திறந்த கதவு வழியாக அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வரல தம்பி. இப்பவும் வரல.”

ஃபியூஸ் சிரித்தார். “அண்ணே, ஆள வச்சு வெளையாடறீங்களா?”

“என்னப்பா வெளையாட்டு? இந்த அவசரத்துல வெளையாடற வயசா எனக்கு?”

டிங். டிங். டிங்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவர் கை நகத்தைப் பார்ப்பார். கல்யாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்து வைத்திருந்த ரகசியம் அது. இப்போது அவர் நகத்தைப் பார்க்கவில்லை. மணி அடிக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு, அது எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அவள் மூட்டைகளை விட்டுவிட்டு, நடந்துபோய்க் காருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வழக்கமாகக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

“என்னங்க.”

அவர் அசையவில்லை.

“என்னங்க, இங்க பாருங்க.”

ஃபியூஸுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண்ணால் கேட்க, அவர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்று, தன் டிரம் குரலில், கத்தாமல், சாதாரணமாகச் சொன்னார். “அண்ணே.”

“என்னப்பா?” என்று லாண்டரிக்காரர் உடனே திரும்பினார்.

அவள் காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். டீக்கடையில் இருப்பதெல்லாம் ஆண்கள். மேனேஜர் ஆண். அவளுக்கும் மகளுக்கும் அந்த மணியைப் போல மெல்லிய குரல். பிழியும் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் தெருவே காதைப் பொத்தும். அதன் வாயருகே இத்தனை வருஷம் நின்றது அவர்தான். இஸ்திரி மேசை வாசல் பக்கம் இருந்ததால் அவள் தப்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டது, வாசலில் நின்று கத்தியது, அவர் முதுகைப் பார்த்துக் கேட்ட அந்த ஒரு கேள்வி என்று எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எதையும் அவர் தள்ளவில்லை. எதுவும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

“கொஞ்சம் இருங்கக்கா,” என்றார் ஃபியூஸ். உள்ளே போய் லாரிக்குப் போடுகிற பஸ்ஸர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். மறுபடி குனிந்து, அந்த அழகான மணியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். சாவி திரும்பியதும் ‘பாம்ம்’ என்று எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

லாண்டரிக்காரர் சீட்டிலிருந்து துள்ளினார். “வந்துடுச்சு! வந்துடுச்சுப்பா! கேட்டியா?” என்று பெண்டாட்டியைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. கதவை மூடினார், திறந்தார், மறுபடி பாம்ம். “நான் சொன்னேனா இல்லியா, மணி செத்துப்போச்சுன்னு? நீ நம்பினியா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூட்டைகளை ஏற்றும்போது ஃபியூஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அக்கா, நான் சொல்லட்டுமா?”

“வேணாம் தம்பி. நானே சொல்றேன்.”

சரக்கை மத்தியானத்துக்குள் லாட்ஜில் இறக்கிவிட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் அடுத்த அழுக்கு மூட்டைகளை எண்ணிக் கொடுத்தார். திரும்பும்போது அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்து ஸ்கூட்டர்காரன் விடாமல் ஹாரன் அடித்ததும், அவர் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டியதும் அவள் கண்ணில் பட்டன. அவர் தொடையைத் தட்டி ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினாள். கடை வாசலில் கார் நின்றது. சாவி சரியான இடத்தில் வந்து நின்றது. அவர் கதவைத் திறக்கப் போனார், அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலை இழுத்து, நாடகத்தில் ராஜா பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“நான் சொல்றது கேக்குதா?”

அவர் திகைத்துப் பார்த்தார். “ஏன் இப்படிப் பேசற? தொண்டை கட்டிடுச்சா?”

“கேக்குதான்னு சொல்லுங்க.”

“கேக்குது.”

“முதல் மணியும் அடிச்சுதுங்க. பழைய மணி. எனக்குத் தெனம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் மாட்டினதும் அடிச்சுது, அந்தத் தம்பிக்கும் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கல.”

அவர் அவளைப் பார்த்தார், சாவித் துவாரத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. “நீங்கள்லாம் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்கன்னு நெனச்சேன்,” என்றார். “நீயும் புள்ளயும். எம் மேல ஏதோ வருத்தம்னு நெனச்சேன். என்னன்னு கேக்கறதுக்குச் சங்கடமா இருந்துச்சு.”

“நாங்க உங்களுக்குத்தான் கோவம்னு நெனச்சோம்.”

“எனக்கு என்ன கோவம்?”

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் குரல் மெலிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். கட்டியைச் சொன்னாள். தனியாகப் போனதைச் சொன்னாள். ஒன்றுமில்லை என்று ஆனதையும் சொன்னாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேன். மேசைகிட்ட நின்னுக்கிட்டு. நீங்க மெஷின்கிட்ட நின்னீங்க.”

அவர் கடைக்குள்ளே பார்த்தார். மேசைக்கும் மெஷினுக்கும் நடுவே நாலு எட்டு இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன கேட்ட? அன்னைக்கு எப்படிக் கேட்டியோ அப்படியே கேளு.”

“இப்ப எதுக்கு?”

“கேளு.”

அவள் தன்னை மறந்து தன் சொந்தக் குரலில் கேட்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார். “புரியல. அந்தத் தடிச்ச குரல்ல கேளு,” என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலை இறக்கி மறுபடி கேட்டாள். “எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?”

“வரேன்,” என்றார் அவர்.

அழுக்கு மூட்டைகளை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்கள். துவைக்கும் மெஷினில் திணிக்கக் கடைசி மூட்டையைத் தேடிக் குனிந்தவர், இஸ்திரி மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்தார். லாட்ஜ் மூட்டை இல்லை என்று தூக்கியதுமே தெரிந்திருக்கும். ஜிப்பைத் திறந்தார்.

“இது என்ன?”

“அழுக்குத் துணி,” என்றாள் தடித்த குரலில். “தொவைக்கணும்.”

அவர் மேலே இருந்த ஒன்றை எடுத்தார். கத்தி போல மடிப்பு. சோப்பு வாசனைகூடப் போகவில்லை. வாழ்நாளெல்லாம் துணியோடு கிடந்த மனுஷனுக்கு எது அழுக்கு, எது இஸ்திரி போட்டு ஊருக்குப் போக எடுத்து வைத்தது என்று சொல்லித்தரத் தேவையில்லை. மடிப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். அவளைப் பார்க்கவில்லை.

“ஆமா, அழுக்காத்தான் இருக்கு,” என்றார். பிறகு ஒவ்வொன்றாக உதறி, மடிப்பைக் கலைத்து, லாட்ஜ் விரிப்புகளோடு சேர்த்து மெஷினுக்குள் போட்டார். எல்லாம் போட்டு முடித்து, காலிப் பையை உதறி ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்தார்.